மீனுக்கு நீர் போன்ற துணை
(பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய உரையின் பொருள் இவ்வவைக்குச் சற்றுப் புதியது. ஒரு மாணவி முதன்முதலாக மாரத்தான் ஓடிய வரலாறும், அவருக்குத் துணை நின்ற சிறு குழுவின் வரலாறும் இங்குக் கூறப்பெறும். அறவுரை கேட்க வந்த இடத்தில் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நோன்பு நோற்பவர், நெடுந்தூரம் ஓடுபவர் ஆகிய இருவர் முன்னும் ஒரே கேள்வி நிற்கிறது. தானே செய்து முடிக்க வேண்டிய ஒரு செயலில் பிறருடைய துணைக்கு இடம் உண்டா? அவரவர் செய்த வினையின் பயனை அவரவரே நுகர வேண்டும் என்பதும், அவரவர் முயற்சியாலேயே வினை உதிர வேண்டும் என்பதும் ஜின தருமத்தின் உறுதியான கொள்கை. அவ்வாறாயின் முனிவர், ஆர்யிகை, சிராவகர், சிராவகி என்னும் நால்வகைச் சங்கத்தைத் தீர்த்தங்கரர்கள் ஏன் நிறுவினார்கள்? இக்கேள்விக்கு விடை காண இவ்வரலாறு உதவும்.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் தூர ஓட்டம். சென்னைக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் குழுக்களாக ஓடிப் பயில்வோரை இன்று எவரும் காணலாம். இவ்வோட்டத்தின் கடுமை தூரத்தில் மட்டும் இல்லை. தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரைச் சத்து, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அளவில் பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் கால்கள் கனக்கின்றன, மனமும் தளர்கிறது. ஓட்டக்காரர்கள் அந்நிலையைச் சுவரில் மோதுவதற்கு ஒப்பிடுவர். முதன்முறையாக ஓடுவோர் தொடக்க உற்சாகத்தில் விரைந்து ஓடி, அச்சத்தினை முன்னதாகவே செலவழித்து விடுவதுண்டு. அனுபவம் உள்ள துணைவர் ஒருவர் அருகில் ஓடினால், அவர் முதலில் செய்யும் உதவி விரைவுபடுத்துவது அன்று, நிதானப்படுத்துவதே ஆகும்.

அஞ்சல் பணியாளரும் மாணவியும்

1966ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்றவர் கேத்ரின் சுவிட்சர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அங்குப் பெண்களுக்கென நெடுந்தூர ஓட்ட அணி இல்லாமையால், ஆண்கள் அணியினரோடு சேர்ந்து பயில அவர் அனுமதி பெற்றார். அவ்வணிக்கு உதவி வந்தவர் ஆர்னி பிரிக்ஸ் என்னும் ஐம்பது வயதினர். பல்கலைக்கழகத்தில் கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் அஞ்சல் பணியாளர். பாஸ்டன் மாரத்தானைப் பதினைந்து முறை ஓடியவர். கேத்ரின் மற்றவர்களுக்குப் பின்தங்கி ஓடுவதைக் கண்ட அவர், தாமும் உடன் ஓடத் தொடங்கினார். பனி கொட்டும் மாலைகளில், பாஸ்டன் ஓட்டத்தின் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டே பல மைல்கள் ஓடுவார்.

ஒருநாள் கேத்ரின், கதை கேட்டது போதும், அவ்வோட்டத்தை ஓடிவிடலாம் என்றார். ஆர்னி மறுத்தார். பெண்ணின் உடல் அத்தூரத்தைத் தாங்காது என்பது அவர் நம்பிக்கை. அந்நாளில் பெரும்பாலோர் நம்பிக்கையும் அதுவே. அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் பெண்களுக்கு அனுமதித்திருந்த மிகுதியான ஓட்டத் தூரம் ஒன்றரை மைல்தான். அவ்வாண்டு ஏப்ரலில் பாபி கிப் என்னும் பெண் பாஸ்டனில் முழுத் தூரத்தையும் ஓடி முடித்திருந்ததைக் கேத்ரின் எடுத்துக் கூறினார். ஆர்னி அதனை நம்பவில்லை.

பாபி கிப்பின் செய்தியையும் இங்குச் சேர்த்து அறிதல் நன்று. போட்டியில் பங்கேற்க அவர் விடுத்த விண்ணப்பம், பெண்களுக்கு அத்தகுதி இல்லை என்று திருப்பப்பட்டது. ஓட்டம் தொடங்கும் இடத்தருகே புதர்களின் மறைவில் காத்திருந்து, ஓட்டக்காரர்களின் கூட்டத்தோடு அவர் கலந்துகொண்டார். தலையை மூடும் மேலங்கியைக் கழற்றினால், பெண் எனத் தெரிந்து வெளியேற்றிவிடுவார்களோ என்று அஞ்சினார். அருகில் ஓடிய ஆடவர்கள் அதனை உணர்ந்து, எவரும் அவரை வெளியேற்றத் தாங்கள் விடமாட்டோம் என்று உறுதி கூறினர். பெயரோ ஊரோ அறியாத அவர்களே அன்று அவருக்குக் குழுவாயினர். 3 மணி 21 நிமிடம் 40 நொடியில் அவர் ஓட்டத்தை முடித்தார்.

ஆர்னியின் மறுப்பில் பகை இல்லை. தாம் கண்டிராத ஒன்றை ஏற்க இயலாமையே இருந்தது. ஆயினும் அவர் ஒரு வாய்ப்பை விட்டு வைத்தார். பயிற்சியிலேயே அத்தூரத்தை ஓடிக் காட்டினால், தாமே பாஸ்டனுக்கு அழைத்துச் செல்வதாகக் கூறினார். மாதக்கணக்கில் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். போட்டிக்கு மூன்று வாரம் முன்னர் இருவரும் இருபத்தாறு மைல் ஓடினர். களைப்புத் தோன்றாத கேத்ரின் இன்னும் ஐந்து மைல் ஓடலாம் என்றார். முப்பத்தொரு மைலை, அதாவது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரை, முடித்தபோது மயங்கி விழுந்தவர் ஆர்னி. மறுநாள் அவரே கேத்ரினின் விடுதிக்கு வந்து, போட்டிக்கு முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். விதிநூலைப் புரட்டிப் பார்த்தனர். ஆண், பெண் என்ற பாகுபாடு அதில் எங்கும் குறிக்கப்படவில்லை. கேத்ரின் தம் வழக்கப்படி பெயரின் முதலெழுத்துகளோடு 'கே. வி. சுவிட்சர்' என்று கையெழுத்திட்டு, மூன்று டாலர் கட்டணமும் செலுத்தினார்.

இங்கு ஆர்னியின் பண்பு போற்றத்தக்கது. தம் கருத்து பிழை என்று கண்ணால் கண்டதும், அதனைப் பற்றிக்கொண்டிராமல் கைவிட்டார். ஒருபுறமே நோக்கி முடிவு கட்டாதே என்று அநேகாந்தம் கற்பிக்கும் பாடத்தை, அச்சொல்லையே கேட்டிராத ஓர் அஞ்சல் பணியாளர் வாழ்ந்து காட்டினார்.

1967 ஏப்ரல் 19

அன்று பாஸ்டனில் பனியும் மழையும் கலந்து பெய்தன. கேத்ரினுக்குக் கிடைத்த எண் 261. அவரோடு மூவர் ஓடினர். ஒருவர் ஆர்னி. மற்றொருவர் நெடுந்தூர ஓட்ட அணியைச் சேர்ந்த ஜான் லெனார்ட். மூன்றாமவர் கேத்ரினின் நண்பர் டாம் மில்லர். சங்கிலிக் குண்டு எறியும் வீரர். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள உடல்வலியர். ஒரு பெண் ஓடக்கூடிய தூரத்தைத் தாம் ஓட முடியாதா என்று எண்ணி, போதிய பயிற்சி இன்றியே வந்து சேர்ந்தவர்.

முதற்சில மைல்களைக் கடந்தபோது, செய்தியாளர்களின் வண்டி அருகில் வந்தது. எண் அணிந்து ஒரு பெண் ஓடுவதைக் கண்டு படம் எடுக்கலாயினர். போட்டியின் நிர்வாகிகளுள் ஒருவரான ஜாக் செம்ப்ல் சினங்கொண்டு ஓடிவந்து, கேத்ரினைப் பின்னிருந்து பற்றி, அவருடைய எண் அட்டையைக் கிழிக்க முயன்றார். ஆர்னி இடையில் புகுந்து தடுக்கப் பார்த்தும் இயலவில்லை. டாம் தம் தோளால் மோத, செம்ப்ல் சாலையோரத்தில் வீழ்ந்தார். விரைந்து ஓடுமாறு ஆர்னி கூவினார். புகைப்படங்கள் மறுநாள் உலகெங்கும் பரவின.

மக்கள் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது அந்தச் சில நொடிகளையே. ஆயினும் இவ்வுரைக்கு முதன்மையானது அதன் பின்னர் நிகழ்ந்தது. இன்னும் இருபது மைலுக்கு மேல் எஞ்சியிருந்தது. அச்சமும் அவமானமும் கேத்ரினை வாட்டின. விலகிவிடலாமா என்றும் தோன்றியது. தாம் இடையில் நின்றால், பெண்களால் இயலாது என்ற சொல்லே மெய்யாகிவிடும் என்று எண்ணி, எவ்வாறேனும் முடிப்பது என்று உறுதி பூண்டார். அதனை ஆர்னியிடமும் சொன்னார்.

டாமோ, நிர்வாகியைத் தள்ளியதால் தம் விளையாட்டு வாழ்வே கெட்டுவிடும் என்று கேத்ரினிடம் சினந்து, அவரை விட்டு முன்னே ஓடிவிட்டார். பயிற்சியில்லாத உடல் இடைவழியிலேயே சோர்ந்தது. நடந்துகொண்டிருந்த அவரைக் கேத்ரின் பின்னர்க் கடந்து சென்றார். வலிமை மிக்க தோள் ஒரு நொடிக்கு உதவிற்று. இறுதிவரை உடன் வந்தவர்களோ, அடிக்கு அடி ஒத்து ஓடிய முதியவரும் அணித் தோழருமே.

பாதையின் இருபதாம் மைலை ஒட்டி நியூட்டன் பகுதியின் ஏற்றங்கள் வரும். அவற்றுள் கடைசி ஏற்றத்திற்கு 'நெஞ்சு பிளக்கும் குன்று' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. உடலின் சேமிப்புத் தீரும் வேளையும், மேடு ஏறும் வேளையும் அங்கு ஒன்றாகக் கூடுகின்றன. அவ்விடத்தை நெருங்குகையில் செம்ப்லின் மீதிருந்த சினம் தம்மை விட்டு நீங்கியதாகக் கேத்ரின் பின்னாளில் கூறியுள்ளார். அவரும் தம் காலத்தின் எண்ணங்களால் உருவானவர்தாமே என்று அவருக்குத் தோன்றிற்று. சினத்தைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் ஓட இயலாது என்பதை உடலே கற்பித்தது போலும். கால்களில் குருதி கசிய, ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் அவர் ஓட்டத்தை முடித்தார். அதே நாளில் எண் எதுவுமின்றி ஓடிய பாபி கிப், அவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னரே முடித்திருந்தார்.

அமெச்சூர் சங்கம் கேத்ரினை நீக்கியது. அவரும் அவரைப் போன்றோரும் தொடர்ந்து முயன்றதன் பயனாக, 1972இல் பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் முறைப்படி சேர்க்கப்பட்டனர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் மாரத்தான் இடம்பெற்றது. ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் அதனை வென்றார். 2017இல், தம் எழுபதாம் வயதில், கேத்ரின் அதே 261ஆம் எண்ணுடன் பாஸ்டனில் மீண்டும் ஓடினார்.

தருமத் திரவியத்தின் இயல்பு

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஆர்னி கேத்ரினுக்காக ஓர் அடியேனும் ஓடவில்லை. அவர் தம் அடிகளைத்தான் ஓடினார். கேத்ரின் தம் அடிகளை ஓடினார். ஆயினும் ஆர்னி இன்றி அவ்வோட்டம் நிகழ்ந்திருக்காது. இத்தகைய உதவிக்கு ஜைன தத்துவம் மிக நுட்பமான ஓர் உவமையைத் தந்திருக்கிறது.

ஆறு திரவியங்களுள் தருமத் திரவியம் என்பது ஒன்று. தமிழ் நூல்கள் இதனைத் தன்மாத்திகாயம் என்றும் குறிக்கும். அறம் என்னும் பொருளில் வரும் தருமம் வேறு. இது உயிரும் புற்கலமும் இயங்குவதற்குத் துணையாக உலகெங்கும் நிறைந்திருக்கும் ஒரு பொருள். அது எதனையும் தள்ளாது, எவரையும் இயக்காது. இயங்க முற்பட்டதற்கு மட்டும் துணையாகும். மீன் நீந்துவதற்கு நீர் உதவுவது போல என்று பெரியோர் விளக்குவர். நீர் மீனைத் தள்ளுவதில்லை. ஆயினும் நீரின்றி மீனுக்கு நீச்சல் இல்லை. அவ்வாறே அதருமத் திரவியம் நிற்பதற்குத் துணையாவது. வழிப்போக்கனுக்கு மரநிழல் போன்றது. நிழல் எவரையும் பிடித்து நிறுத்துவதில்லை. நிற்க விரும்பியவருக்கு இடம் தருகிறது.

குடும்பமும் சங்கமும் தரும் துணை இவ்வாறு இருத்தல் வேண்டும். மகனையோ மகளையோ பின்னிருந்து தள்ளுவது துணை ஆகாது. தாம் விரும்பிய திசையில் இழுப்பதும் துணை ஆகாது. அவர்கள் இயங்க முற்படும்போது நீராகவும், களைத்து நிற்கும்போது நிழலாகவும் அமைவதே துணை.

அழிந்தோரை நிறுத்துதல்

நற்காட்சிக்கு எட்டு அங்கங்கள் உண்டு என்பதை இளமையிலேயே பாடசாலையில் பலரும் கற்றிருப்பர். அவற்றுள் ஒன்று ஸ்திதிகரணம். தமிழில் இதனை 'அழிந்தோரை நிறுத்துதல்' என்பர். அறநெறியில் தளர்ந்து விழப்போகும் ஒருவரை மீண்டும் அந்நெறியில் நிலைபெறச் செய்தல் என்பது இதன் பொருள். இது விரும்பினால் செய்யலாம் என்னும் உபகாரம் அன்று, நற்காட்சியின் உறுப்பு. உறுப்புக் குறைந்தால் காட்சியே குறைபடும்.

இவ்வங்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் குறிப்பவர் வாரிசேண முனிவர். சிரேணிக மன்னருக்கும் சேலனை அரசிக்கும் மகனாகப் பிறந்து, துறவு பூண்டவர் அவர். அவரோடு துறவேற்ற தோழரின் உடல் சங்கத்தில் இருந்தது. மனமோ பல ஆண்டுகள் விட்டுவந்த மனைவியையே சுற்றியது. வாரிசேணர் அவரைக் கடிந்து பேசவில்லை. சங்கத்தார் நடுவே குற்றம் சாட்டவும் இல்லை. தம் அரண்மனைக்கு அவரை அழைத்துச் சென்றார். தாம் துறந்து வந்த செல்வத்தையும், அணிகள் பூண்டு நின்ற தம் முன்னாள் மனைவியரையும் காட்டி, வேண்டுமாயின் இவற்றை ஏற்றுக்கொள்ளலாம் என்றார். இத்தனையையும் துறந்து வந்தவர் முன்னே தாம் எதனை எண்ணி ஏங்கினோம் என்று உணர்ந்த தோழர் நாணினார். அன்றுமுதல் தவத்தில் உறுதி பெற்றார். வாரிசேணர் அவருக்காகத் தவம் செய்யவில்லை. அவர் தம் தவத்தைத் தாமே செய்யும்படி உடன் நின்றார்.

இவ்வங்கத்துக்கு முன்னதாக வைக்கப்பட்டிருப்பது உபகூகனம், அதாவது பிறர் பழியை மறைத்தல். இந்த வரிசைமுறை எண்ணத்தக்கது. வீழ்ந்தவரின் பழியைத் தூற்றிய வாயால் அவரைத் தூக்கி நிறுத்த இயலாது. முதலில் மறைக்க வேண்டும். பின்னரே நிறுத்த முடியும்.

தசலட்சண நாள்களில் நோன்பை நிறைவேற்றியவருக்குச் சால்வை அணிவித்துப் பாராட்டுகிறோம். அது முறையே. ஆனால் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ உடல் தாங்காமல் நோன்பை முடித்துக்கொண்டவர் என்ன ஆகிறார்? சிலர் அவ்வாண்டு முழுவதும் கோயிலுக்கு வரவே கூசுகின்றனர். 'தொடங்காமலே இருந்திருக்கலாம்' என்று யாரேனும் சொல்லும் ஒரு சொல், அடுத்த ஆண்டு நோன்பையும் தடுத்துவிடுகிறது. ஐந்து நாள் நோற்றதற்கும் பயன் உண்டு என்று ஒருவர் சொல்வாராயின், அதுவே அழிந்தோரை நிறுத்துதல். நோன்பு இருப்பவரின் இல்லத்தில் நீரை வடிகட்டிக் காய்ச்சுபவர், அவர் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்பவர், மாலையில் அருகமர்ந்து சுவாத்தியாயம் படித்துக் காட்டுபவர் ஆகிய எவருக்கும் சால்வை இல்லை. அவர்களும் அந்நோன்பின் குழுவினரே.

இரவுண்ணாமையை எடுத்துக்கொள்வோம். சிற்றூரில், இல்லத்தார் அனைவரும் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் வீட்டில், இவ்விரதத்தைக் காப்பது எளிது. வந்தவாசியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ பெருநகருக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைக்கு, விடுதியில் இரவு எட்டு மணிக்கே உணவு கிடைக்கிறது. வாழைப்பழமும் பாலும் கொண்டு அவன் முதற்சில மாதங்களை ஓட்டுகிறான். முப்பதாவது கிலோமீட்டர் அவனுக்கும் வரும். அப்போது வீட்டிலிருந்து தொலைபேசியில் வருவது, 'விரதத்தை விட்டுவிட்டாயா?' என்னும் விசாரணையாக இருந்தால் அவன் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். அந்நகரில் வாழும் ஜைனக் குடும்பம் ஒன்று வாரம் இருமுறையேனும் மாலை ஐந்து மணிக்கு உணவளித்தால், விரதம் நிற்கும். ஒருகால் தவறினாலும் மறுநாள் மீண்டும் தொடங்கும் துணிவு அவனுக்கு உண்டாகும்.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். இதுவரை இக்குடும்பத்தில் எவரும் செய்ததில்லை என்ற காரணத்தால் ஒரு மகளின் விருப்பத்தை மறுக்கும் பெற்றோர், ஆர்னியை நினைவிற் கொள்க. அவரும் மறுத்தவரே. ஆனால் செய்து காட்டு என்று வாய்ப்பளித்தார். அவ்வாய்ப்பில் தாமும் உடன் ஓடினார். மெய் விளங்கியபின் தாமே முன்னின்று பதிவு செய்வித்தார்.

பொறுமையின் நிறைவு

டாம் மில்லர் தள்ளியது பற்றி, அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்டோருக்கு ஓர் ஐயம் எழலாம். இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டுவது, கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையை. தாக்கப்படுபவரைக் காக்கும்போது நேரும் விரோதி இம்சை, இல்லறத்தாருக்கு முழுவதும் விலக்கப்பட்டதன்று; ஆயினும் அதுவும் வினைப்பந்தம் அற்றதன்று. அன்று காத்த செயலோடு கூடி வந்த சினம், காத்தவரையே நட்பிலிருந்தும் ஓட்டத்திலிருந்தும் பிரித்ததைக் கண்டோம்.

பத்து அறங்களுள் முதலாவது உத்தமக் க்ஷமை. கேத்ரினும் செம்ப்லும் சில ஆண்டுகளில் நண்பர்களாயினர். பெண்கள் முறைப்படி சேர்க்கப்பட்டபின் செம்ப்லும் அம்மாற்றத்தை ஏற்றார். 1988இல் அவர் மறையும் வரை அந்நட்பு நிலைத்தது. தடுத்தவரையும் இறுதியில் தோழராகப் பெற்றதே அவ்வோட்டத்தின் பெரும் பேறு எனலாம்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றுக்கு இங்குள்ளோர் பலர் சென்றிருப்பர். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பொறித்த அப்பாறையின் அருகே, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாகப் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. சல்லேகனை ஏற்றவர் அருகிலிருந்து, மனம் தளராது காக்கும் முனிவர்களை நிர்யாபகர் என்று நூல்கள் கூறும். அத்தனை தனிமையான பயணத்துக்கும் துணைவர் வேண்டும் என்று ஆன்றோர் வகுத்தனர். சந்திரநந்தி ஆசிரியருக்குப் பணிவிடை செய்தவர் யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆயினும் நோற்ற நாள்களை எண்ணி, அவர் பெயரைக் கல்லில் வெட்டுவித்தவர் ஒருவர் இருந்தார் என்பதை அக்கல்லே காட்டுகிறது.

ஆகவே இவ்விழா நாளில் ஒவ்வோர் இல்லத்தாரும் ஒன்றை எண்ணிப் பார்ப்பாராக. நம் உறவிலோ ஊரிலோ முதல் முயற்சியில் இறங்கியிருப்பவர் யார்? இடைவழியில் தளர்ந்து, வெளியே சொல்ல நாணி நிற்பவர் யார்? அவரை இவ்வாரத்திலேயே சென்று காண்பது நன்று. அறிவுரை மிகுதியாக வேண்டியதில்லை. அவர் நடையோடு ஒத்துச் சிறிது தூரம் நடந்தால் போதும்.

அறம் வளர்க. அகிம்சை ஓங்குக. அனைவருக்கும் ஜெய் ஜினேந்திரா.